டீச்சரைக் கேளுங்கள்: கொரிந்துவின் பந்தியும் கருப்பசாமி கோயில் கிடாய் வெட்டும்

(ஆதிக் கிறிஸ்தவம், அதன் யூத, கிரேக்கப் பின்னணி குறித்து வாசகர்கள் கேட்டவை. மதுரையில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.)

டீச்சர், நாங்கள் கிறிஸ்தவர்கள். என் கணவரின் அக்கா குடும்பம் இன்றும் குலதெய்வம் கும்பிடுகிறது. ஆடி மாதம் கருப்பசாமி கோயிலில் கிடாய் வெட்டு. நாங்கள் வந்து சாப்பிடாவிட்டால் இனிமேல் வாசல்படி மிதிக்க வேண்டாம் என்கிறார் நாத்தனார். கூடவே கூடாது என்கிறார் எங்கள் போதகர். பவுலே சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?
– வாசகி, திருமங்கலம்

சகோதரி, உங்கள் போதகரிடமும் வசனம் இருக்கிறது, தம்பியிடமும் இருக்கிறது. இரண்டும் ஒரே கடிதத்தில்தான், ஒரு பக்கம் தள்ளி. கொரிந்து என்ற கிரேக்க நகரத்துச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய முதல் கடிதத்தை எட்டாம் அதிகாரம் தொடங்கிப் பத்தாம் அதிகாரம் முடியும் வரை ஒரே மூச்சில் படியுங்கள். மூன்று வெவ்வேறு இடங்களைப் பற்றிப் பவுல் பேசுவது தெரியும்: கோயில் வளாகத்துச் சாப்பாட்டுக் கூடம், கறிக்கடை, கூப்பிட்டவர் வீடு.

கொரிந்துவில் அந்தச் சாப்பாட்டுக் கூடமே கிடைத்திருக்கிறது. 1896 முதல் அமெரிக்க ஆய்வாளர்கள் அங்கே தோண்டி வருகிறார்கள். நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிலேபியஸ் கோயிலை ஒட்டி, சுவர் ஓரமாகப் பதினோரு சாய்மஞ்சங்கள் போடும் அளவில் சதுர அறைகள் இருந்தன. பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் நோய் தீர்ந்தாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் விருந்து. அழைப்புச் சீட்டுகள்கூட மிஞ்சியிருக்கின்றன. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேட்டில் கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இருவர் எடுத்த பாப்பிரஸ் சீட்டு ஒன்றில் சில வரிகள்தான்: செராபிஸ் கோயிலில், செராபிஸ் ஆண்டவரின் பந்தியில், நாளை 15ஆம் தேதி 9ஆம் மணிக்குச் சாப்பிட வரும்படி கைரேமோன் உங்களை அழைக்கிறார். 9ஆம் மணி என்றால் நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி வாக்கு. கூப்பிடுவது கைரேமோன், ஆனால் பந்தி சாமியுடையது. கர்த்தருடைய பந்தியிலும் பேய்களுடைய பந்தியிலும் ஒருசேர உட்கார முடியாது என்று பவுல் பத்தாம் அதிகாரத்தில் எழுதும்போது, வாசித்தவர்கள் மனதில் இப்படி ஒரு விருந்துதான் வந்திருக்கும். "பேய்கள்" என்று அவர் கடுமையாகச் சொல்வதும் அவருடைய சொந்தச் சொல் அல்ல. உபாகமம் 32இல் உள்ள மோசேயின் பாட்டிலிருந்து எடுத்தது. யூதர் ஒருவர் தம் வேதத்தை வைத்துப் பேசுகிறார்.

அடுத்த வரிகளிலேயே கறிக்கடைக்கு வருகிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்கிறார். அதுவும் சங்கீதம் 24. பிறகு வீடு: விசுவாசி அல்லாத ஒருவர் கூப்பிட்டால் போங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள், ஆனால் "இது படைத்தது" என்று யாராவது சொன்னால், சொன்னவருக்காகச் சாப்பிடாதீர்கள்.

இது என்ன குழப்பம் என்று பலரும் கேட்பார்கள். இதே கேள்வியை மற்ற யூதர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் குழப்பம் தீரும். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் அந்நியத் தெய்வ வழிபாடு பற்றித் தனிப்பகுதியே உண்டு. கோயிலுக்குள் போகிற கறியை வாங்கலாம், உள்ளேயிருந்து வருகிற கறி கூடாது என்கிறது அது. அதே பகுதியில் ரப்பான் கமாலியேல் என்ற யூத ஆசான் பற்றி ஒரு சம்பவம் வருகிறது. அக்கோ நகரில் அப்ரோடைட்டி என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தின் சிலை இருந்த குளியல்கூடத்தில் அவர் குளித்துக்கொண்டிருந்தார். கிரேக்கர் ஒருவர் வந்து, இது உங்கள் சட்டத்துக்கு அடுக்குமா என்று கேட்கிறார். அவர் பதில்: நான் அவள் எல்லைக்குள் வரவில்லை, அவள்தான் என் எல்லைக்குள் வந்தாள், குளியல்கூடத்துக்கு அலங்காரமாகச் சிலையை வைத்தார்களே தவிர, சிலைக்கு அலங்காரமாகக் குளியல்கூடத்தைக் கட்டவில்லை. கிரேக்க ஊரில் வாழ்ந்தாக வேண்டிய யூதர்கள் எல்லோரும் அன்றாடம் எங்கே கோடு போடுவது என்று யோசித்தார்கள். பவுலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பொருளில் தீட்டு இல்லை, வழிபாட்டில் பங்கெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது அவர் போட்ட கோடு.

எல்லோரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம், படைத்ததைச் சாப்பிடுகிறவர்களைப் பெர்கமுவிலும் தியத்தீராவிலும் கண்டிக்கிறது. திதாக்கே என்ற பழைய சபை ஒழுங்கு நூலும் கூடவே கூடாது என்கிறது. உங்கள் போதகர் அந்த மரபில் நிற்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கி.பி. 112 வாக்கில் கருங்கடல் ஓரத்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், நான் நடவடிக்கை எடுத்த பிறகுதான் பலிக்கறி மறுபடி விற்பனையாகிறது, அதுவரை வாங்க ஆள் கிடைப்பதே அரிதாக இருந்தது என்கிறார். அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் பலிக்கறியை வாங்கவில்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் முக்கியம். ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் தைசன் 1970களில் இந்தச் சண்டைக்குள் பணம் இருப்பதைக் காட்டினார். ஏழைக்குக் கறி கிடைத்ததே பெரும்பாலும் கோயில் திருவிழாவில்தான். அதனால் கறி என்றாலே அவன் நாக்கில் சாமி வந்துவிடும். வசதியானவருக்கு விருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். "சிலை ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும்" என்று அவர் சாப்பிட்டுவிடுவார். அறிவில் பவுல் இரண்டாமவர் பக்கம். ஆனால் விட்டுக்கொடுக்கச் சொல்வதும் அவரைத்தான். உங்கள் தம்பி இந்தப் பாதியைப் படிக்காமல் விட்டுவிட்டார்.

நான் என்ன செய்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா வழி உறவு உசிலம்பட்டிப் பக்கம். பெரியப்பா வீட்டில் கிடாய் வெட்டு என்றால் நான் போவேன். பூசை முடியும் வரை பெண்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். பெரியப்பா மகன் தனிச் சட்டி ஒன்றை என் பக்கம் நகர்த்தி, "தங்கச்சி, இது கடைக்கறி, படைச்சது இல்ல, நீ சாப்புடு" என்பார். அவர் கொரிந்தியர் நிருபத்தைத் தொட்டதுகூட இல்லை. பத்தாம் அதிகாரம் 28ஆம் வசனத்தை எனக்கு அவரைவிடத் தெளிவாக விளக்கியவர் யாரும் இல்லை. சகோதரி, போங்கள். ஆனால் ஆடி பிறக்கும் முன்பே நாத்தனாரைத் தனியாகப் பார்த்து, எதைச் சாப்பிடுவேன், எதைச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்து போவதுதான் உறவை முறிக்கும்.

மித்ராஸ் என்ற தெய்வம் டிசம்பர் 25இல் கன்னியிடம் பிறந்து, 12 சீடர்களோடு திரிந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது என்றும், கிறிஸ்தவம் அதன் நகல் என்றும் வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– கல்லூரி மாணவர், மேலூர்

இல்லை தம்பி. ரோமாபுரி மித்ராஸ் வழிபாட்டின் நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. சிற்பங்களும் கல்வெட்டுகளும்தான் இருக்கின்றன. அவற்றில் மித்ராஸ் வளர்ந்த இளைஞனாகப் பாறையிலிருந்து வெளிவருகிறார். தாயே இல்லை, கன்னி எங்கே இருந்து வருவாள்? பன்னிரண்டு என்பது காளையைக் கொல்லும் காட்சியைச் சுற்றி வருகிற ராசிச் சின்னங்கள். அவர் இறந்து எழுந்ததாக எந்தச் சிற்பமும் காட்டவில்லை. ரோம உலகில் இந்த வழிபாட்டுக்கான சான்றுகள் முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்குகின்றன. பவுலின் கடிதங்கள் 50களைச் சேர்ந்தவை. டிசம்பர் 25 பற்றிய பேச்சு, கி.பி. 354ஆம் ஆண்டின் ரோமானிய நாட்காட்டித் தொகுப்பிலிருந்து வருகிறது. "வெல்லப்படாதவர்" பிறந்தநாளும் கிறிஸ்துவின் பிறப்பும் அதில் அதே தேதியில் இருக்கின்றன. எது எதைப் பார்த்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. ஆனால் அது நாலாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். தொடக்கக் கிறிஸ்தவத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கிரேக்கச் சுவடே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்ற வசனம், மெனாண்டர் என்ற கிரேக்க நாடகாசிரியரின் வரி என்று பழங்காலத்திலேயே சொல்லப்பட்டது. அப்போஸ்தலர் நடபடிகளில் ஏதென்சில் பேசும் பவுல், வானத்து நட்சத்திரங்களைப் பாடிய அராட்டஸின் வரியை எடுத்துச் சொல்கிறார். கிரேக்கத் தாக்கம் இப்படி, படித்த மனிதர் வாயில் வந்து விழும் மேற்கோளாக இருக்கிறது. வாட்ஸாப் செய்தி தேடுகிற இடத்தில் இல்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியர் நான். பரிசேயர் என்றால் மாயக்காரர், பவுல் யூத மதத்தை விட்டுக் கிறிஸ்தவர் ஆனார் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். அது தவறு என்று என் மகள் சண்டை போடுகிறாள்.
– வாசகர், அனுப்பானடி

உங்கள் மகள் பக்கம்தான் நான். பவுலின் கடிதங்கள் ஒன்றில்கூடக் "கிறிஸ்தவர்" என்ற பெயர் வருவதில்லை. தம்மை இஸ்ரவேலன் என்றும் பென்யமீன் கோத்திரத்தான் என்றும்தான் சொல்லிக்கொள்கிறார். இரண்டாம் கொரிந்தியர் 11இல் ஒரு வரி இருக்கிறது: யூதரிடம் ஐந்து முறை, ஒன்று குறைய நாற்பது அடி வாங்கினேன் என்கிறார். அது ஜெப ஆலயத்தின் தண்டனை. வெளியேறிப் போனவனை ஜெப ஆலயம் அடிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய், நான் உங்களில் ஒருவன் என்று நின்றதால்தான் முதுகில் அடி வாங்க வேண்டி வந்தது. அந்த ஐந்து முறைகளை நினைக்காமல் "மதம் மாறினார்" என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

நியாயப்பிரமாணத்தைக் கறாராகக் கடைப்பிடித்த யூதக் குழுவான பரிசேயர் விஷயமும் அப்படித்தான். ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர் என்று லூக்கா 13 சொல்கிறது. கி.பி. 62இல் பிரதான ஆசாரியன் ஒருவன் இயேசுவின் சகோதரன் யாக்கோபைக் கொல்லவைத்தபோது, நியாயப்பிரமாணத்தில் கறாரானவர்களே அதை எதிர்த்தார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். யூத மதம் என்பது கிரியைகளைக் கூட்டிக் கழித்து மோட்சத்துக்கு மதிப்பெண் வாங்கும் முறை என்று பல தலைமுறைகள் கற்பித்தன. 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் யூத மூலநூல்களை வரிசையாக எடுத்து வைத்து அது பொய் என்று காட்டினார். கடவுள் முதலில் உடன்படிக்கையைக் கிருபையாகக் கொடுத்தார், கீழ்ப்படிவது அதற்கான மறுமொழி என்பதுதான் அவர்கள் நம்பிக்கை. இந்தப் பழைய பொய் ஐரோப்பாவில் எத்தனை யூதக் குடும்பங்களின் உயிரைக் குடித்த வெறுப்புக்குத் தீனி போட்டது என்பதை நினைத்தால், நம் ஊர் ஞாயிறு பள்ளியிலும் அதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று கெஞ்சித்தான் கேட்பேன்.

"யூதம் ஒருபக்கம், கிரேக்கம் மறுபக்கம்" என்று இரண்டு பெட்டிகளாகப் பிரிப்பதும் உதவாது. 1913-14இல் எருசலேமில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. ஆசாரியரான தெயோதோத்துஸ் என்பவர், தகப்பன், பாட்டன் வழியாக ஜெப ஆலயத் தலைவர். நியாயப்பிரமாணம் வாசிக்கவும் கற்பனைகளைக் கற்பிக்கவும் ஜெப ஆலயம் கட்டினேன், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்கும் அறைகளும் தண்ணீர் வசதியும் செய்தேன் என்று பொறித்திருக்கிறார். ஆலயம் இருந்த ஊரிலேயே, ஆசாரியர் ஒருவர், கிரேக்க மொழியில். ஆய்வாளர் மார்ட்டின் ஹெங்கல் 1969இல் இதைத்தான் பெரிய புத்தகமாக எழுதினார்: பாலஸ்தீன யூத மதமும் பல தலைமுறையாகக் கிரேக்க உலகில் மூச்சுவிட்ட மதமே.

ஜெப ஆலயங்களைச் சுற்றி "தேவபக்தியுள்ளவர்கள்" என்று ஒரு கூட்டமும் இருந்தது. வெள்ளிக்கிழமை கோரிப்பாளையம் தர்காவில் பிள்ளையைத் தோளில் போட்டு மந்திரிக்க நிற்கும் இந்துத் தாய்மார்களை நினைத்துக்கொள்ளுங்கள். மதம் மாறவில்லை, ஆனால் அந்த வாசல் அவர்களுக்கும் சொந்தம். துருக்கியில் அப்ரோடிசியாஸ் என்ற ஊரில் 1976இல் கிடைத்த கல்தூண் ஒன்று யூதர் பெயர்களைத் தனியாகவும், இப்படிப்பட்டவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பெயர்களைத் தனியாகவும் சொல்கிறது. இரண்டாம் பட்டியலின் தலைப்பில் ஊர் மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேர். தூண் பவுலுக்குப் பிற்பட்டது. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளில் ஊர் ஊராகப் பவுல் பேச்சைக் கேட்க வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அந்தக் கல் கண்ணில் காட்டுகிறது.

இயேசுவின் காலத்தில் மதுரைக்கும் அந்த உலகத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? பெருமைக்காகக் கேட்கவில்லை.
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சிம்மக்கல்

ஐயா, உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் ஒன்றைக் கூப்பிடுகிறேன். அலெக்சாந்திரியாவில் பிலோ என்ற யூத ஞானி இருந்தார், இயேசுவின் சமகாலத்தவர். மோசேயின் நூல்களைக் கிரேக்க மொழியில் படித்து, பிளேட்டோவின் கண்ணாடியோடு விளக்கம் எழுதியவர். யோவான் சுவிசேஷத்தின் முதல் வரிகளைப் படிக்க அவர் இல்லாமல் முடியாது. இந்தியாவின் ஆடையற்ற துறவிகளைச் சுதந்திர மனிதருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய சகோதரரின் மகன்கள் இருவர். மூத்தவர் திபேரியு யூலியு அலெக்சாந்தர். முன்னோர் வழக்கத்தைக் கைவிட்டு, 46 முதல் 48 வரை யூதேயாவின் ரோம ஆளுநராக இருந்தவர், கி.பி. 70இல் எருசலேமை முற்றுகையிட்ட ரோமத் தளபதி தீத்துவின் படையில் உயர்பதவி வகித்தவர். இளையவர் மார்க்கு யூலியு அலெக்சாந்தர், வியாபாரி. நைல் நதிக்கரையில் கொப்டோஸ் என்ற ஊரில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளில் இவர் பெயர் வருகிறது. ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து செங்கடல் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுபோன நிகானோர் குடும்பத்தின் ரசீதுகள் அவை. துறைமுகத்தில் மார்க்குவின் ஆள் பெற்றுக்கொண்டதற்குச் சாட்சி. காலம் 37 முதல் 40களின் தொடக்கம் வரை. மார்க்கு மணந்தது யூதேயாவின் அரசன் ஏரோது அகிரிப்பாவின் மகள் பெர்னீக்கேயாளை. சில ஆண்டுகளில் இறந்துபோனார். அதே பெர்னீக்கேயாள்தான் பின்னால் செசரியாவில் தன் அண்ணனோடு உட்கார்ந்து, விலங்கிட்ட பவுலின் பேச்சைக் கேட்டவள் (அப்போஸ்தலர் 25, 26).

அந்தத் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் எங்கே போயின என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றில் ஒன்றான பெரெனிகே துறைமுகத்தில், செராபிஸ் கோயில் வளாகத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. இன்னொரு துறைமுகமான குசேர் அல் காதிமில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர் எழுதிய ஓடுகள். கீழடியில் கிடைத்த "ஆதன்" ஓட்டைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் புரியும். பானையில் பெயர் கீறி வைப்பவர்கள் கடல் கடந்தும் கீறினார்கள். பிளினி (டிராஜனுக்குக் கடிதம் எழுதியவரின் தாய்மாமன்) பாண்டியன் நகரம் மோதுரா, கடற்கரைச் சந்தையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது என்று எழுதினார். இங்கே நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம், "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" பருகி இனிதாக வாழ்க என்று பாடினார். புறநானூறு 56, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து அப்போதே மதுரையில் யூதரோ கிறிஸ்தவரோ இருந்தார்கள் என்று தாவக் கூடாது. ஆதாரம் அவ்வளவு தூரம் போகாது. பிலோ வீட்டுப் பணம் எந்தக் கடலில் ஓடியதோ, நன்மாறனின் தேறலும் அந்தக் கடல் வழியாகத்தான் வந்தது. அதுவரைக்கும் தைரியமாகச் சொல்லலாம்.

இயேசு 12 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையே இந்தியாவில் படித்தாராமே?
– வாசகர், வாடிப்பட்டி

1894இல் நிக்கோலாய் நோட்டோவிச் என்ற ரஷ்யர் இப்படிப் புத்தகம் எழுதினார். லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் சுவடி பார்த்ததாகச் சொன்னார். மறு ஆண்டே ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் என்ற பேராசிரியர் அந்த மடத்துக்கே போய்த் தலைமை லாமாவிடம் கேட்டார். அப்படிப்பட்ட நூலே இங்கு இல்லை, அந்த ஆளுக்கு யாரும் எதையும் காட்டவில்லை என்றார் லாமா. இயேசுவின் உவமைகளில் வரும் நிலம், மீன்வலை, கூலியாள், கடன் எல்லாம் கலிலேயா. அவர் எங்கே வளர்ந்தார் என்பதை அவர் பேச்சே சொல்கிறது.

தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றேன். வேதாகமக் கிரேக்கம் படிக்க ஆசை. இந்த வயதில் வருமா?
– வாசகர், பழங்காநத்தம்

வரும் ஐயா. இருபத்துநாலு எழுத்துதான். தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பெயர்ச்சொல் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறும் என்பதும், சொல்லை முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது என்பதும் நமக்குப் புதிதல்ல. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறுகிற இடம் அது. எழுத்துகளை இரட்டைக்கோடு நோட்டில் தினம் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். யோவானின் முதல் நிருபத்தில் தொடங்குங்கள். சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வரும். அப்புறம் மாற்கு. லூக்காவின் முதல் நாலு வசனங்கள் கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம், எபிரெயர் நிருபம் இன்னும் கடினம். இரண்டையும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். தமிழ் வேதாகமம் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் ஒரு வசனத்தை நீங்களே முயன்று எழுதிப் பார்த்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். எழுத்துகள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், வினைச்சொல் பட்டியல் ஒன்று அனுப்பி வைக்கிறேன்.